கை நனைக்காத தண்ணீர்

காலை வைத்தது நீ. தலை குனிந்தது ஊர். உன்னைத்தான் சொல்கிறேன். அங்கே இங்கே திரும்பிப் பார்க்காதே, பக்கத்தில் நிற்கிறவன் தோளைத் தட்டி 'யாரைச் சொல்லுதாவ?' என்று வெள்ளந்தியாகக் கேட்காதே. கோலத்தை மிதிக்கக் கூடாதென்று தவழ்கிற பிள்ளைக்கும் தெரிந்த ஊரில், ஒரு பெண்பிள்ளை நீலப்பொடியால் பார்த்துப் பார்த்துப் போட்ட கோட்டை, பட்டப்பகலில், நாலு பேர் பார்க்கப் பெருவிரலை அழுத்தித் தேய்த்தாயே, அந்தக் காலுக்கு இப்போது பளபளவென்று ஷூ மாட்டிக்கொண்டு திரிந்தால் ஆயிற்றா? உன் பேரைச் சொல்ல எனக்கு வாய் இல்லாமல் இல்லை. சொல்லிவிட்டால் உனக்குப் பாரம் இறங்கிவிடும், அதனால் சொல்லவில்லை. கதையைக் கேள். உனக்குத் தெரிந்த கதைதான், ஆனாலும் கேள்.

முள்ளிவிளை செம்மண் பூமி. மேற்கே மலை, கண்ணுக்குத் தெரியும், கைக்கு எட்டாது. கிழக்கே தேரி, ரத்தச் சிவப்பில் மணல் மேடு, ஆடிக் காற்றில் கிளம்பி வருஷத்துக்கு ஓர் எட்டாக ஊரைப் பார்த்து நடந்து வந்துகொண்டிருக்கிற மேடு. இரண்டுக்கும் நடுவில் ஊர், ஊருக்கு ஒரு குளம், குளத்தில் ஆட்டுப் புழுக்கையும் கிரிக்கெட் ஸ்டம்பும். மண் போய்க்கொண்டே இருந்தது யாருக்கும் தெரியாமல் இல்லை. ஆனால் போன மண் விட்டுச்சென்ற இடத்தையெல்லாம் ஊர் ஒரு வசதியாக எடுத்துக்கொண்டது. மழை அறுத்த பள்ளத்தில் பைக் ஓட்டினார்கள். உவர் பூத்து வெளுத்த வயலில் பந்தல் போட்டு மீட்டிங் நடத்தினார்கள். உடைமரத்தின் வேர் தரையை விட்டு எழும்பி அந்தரத்தில் நின்றபோது, பூலம்மாள் அதில் ஆடு கட்டினாள்.

பூலம்மாள் ஆட்டுத் தரகுக்காரி. சந்தையில் ஆம்பிளைத் தரகர்கள் கைமேல் துண்டைப் போட்டு, துண்டுக்குள் விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். வாங்குகிறவனுக்கும் விற்கிறவனுக்கும் தவிர மூன்றாம் ஆளுக்கு விலை தெரியாது. பூலம்மாளுக்குத் துண்டு ஏது? முந்தானையை இழுத்துக் கைமேல் போட்டுக்கொண்டு பேசினாள். முதலில் சிரித்தவன் எல்லாம் பிறகு அந்த முந்தானைக்குப் பயந்தான். கோபக்காரி, விட்டுக்கொடுக்காதவள், அடிபட்டு அடிபட்டே ஆளானவள். அவளுடைய ஆட்டுப்பட்டி ஊருக்கு மேற்குக் கடைசியில், ஒரு நீளமான பள்ளத்துக்குள் பாந்தமாக உட்கார்ந்திருந்தது. அது ஏன் பள்ளம் என்று அவளும் கேட்டதில்லை, ஆடும் கேட்டதில்லை.

அப்போதுதான் அளக்கிறவர்கள் வந்தார்கள். மண் எவ்வளவு போயிருக்கிறது, தண்ணீர் எந்த வழியாக வருகிறது, எந்த வழியாக வராமல் போகிறது, இந்தப் பூமி பாலைவனமாகிக்கொண்டிருக்கிறதா இல்லையா என்று பார்த்து வரைபடம் போடுவதுதான் அவர்கள் வேலை. ஜெசிந்தா என்ற பெண் தலைவி. ஊர் அவளை டீச்சர் என்றது. மூக்குக் கண்ணாடியும் குடையும் இருந்தால் முள்ளிவிளையில் டீச்சர்தான். அவள் பள்ளத்தில் இறங்கி ஆழம் பார்த்தாள், உவரை நாக்கில் வைத்துப் பார்த்தாள், பூலம்மாள் பட்டிக்கு வந்து வேருக்குப் பக்கத்தில் குனிந்து நின்றாள்.

"இந்த வேர் எப்பத்துல இருந்து வெளியே இருக்கும்மா?"

"அது ஆடு கெட்டுததுக்குன்னே கடவுள் விட்ட வேரு டீச்சர்."

"கடவுள் விடலம்மா. மண்ணு விட்டுட்டுப் போயிருக்கு. இந்த மரம் முளைக்கும்போது தரை இங்க இருந்திருக்கு" என்று ஜெசிந்தா பூலம்மாளின் இடுப்பைத் தொட்டுக் காட்டினாள்.

"அப்பம் நான் இடுப்பளவு மண்ணுக்குள்ளயாக்கும் நிக்கேன்!" என்று பூலம்மாள் ஆடு மிரளச் சிரித்தாள்.

மெஷினுக்குத் தெரியாதது ஊருக்குத் தெரியும் என்று சொல்லி, ஜெசிந்தா பள்ளிக்கூட மைதானத்தைக் கூட்டச் சொன்னாள். ஊரே சேர்ந்து தரையில் ஊரை வரைய வேண்டும். தேரிக்குச் செங்கல் பொடி, உவருக்குச் சாம்பல், பனைக்கு இலைப்பொடி, தண்ணீருக்கு நீலக் கோலப்பொடி. நீலத்தை வாங்கிக்கொண்டது பூலம்மாளின் மகள் உமையரசி. கோலத்தில் கைதேர்ந்தவள், வாய் அதிகம் பேசாதவள். அவள் குளத்தைப் போட்டாள், கிணறுகளைப் போட்டாள், பிறகு மலையிலிருந்து குளத்துக்குத் தண்ணீர் வந்த வரத்துக்காலை, வளைவு வளைவாக, விரலிடுக்கில் பொடி நழுவ நழுவப் போட்டுக்கொண்டே வந்தாள். போடப் போட மைதானத்தில் பேச்சு அடங்கியது. ஏனென்றால் கோடு போன வழியில் முதலில் இருந்தது பூலம்மாளின் ஆட்டுப்பட்டி. அடுத்தது ஐகோர்ட்டு என்று பேர் வைத்த ஆளின் பலசரக்குக் கடை. அதற்கடுத்தது தவசிக்கனியின் புது வீட்டுக் குளியலறை. அப்புறம் கோயில் அலங்கார வளைவு. எல்லாவற்றுக்கும் கடைசியில், குளத்தின் வாயை அடைத்துக்கொண்டு, உன் கல்யாண மண்டபம்.

ஜெசிந்தா டீ குடிக்கத் திரும்பினாள். நீ காலை வைத்தாய்.

அவள் திரும்பி வந்து, "இங்க ஏதோ கோடு இருந்துச்சே?" என்றபோது, "இங்கன ஓடையே கெடையாது டீச்சர், சின்னப்பிள்ளை கை தவறிப் போட்டுட்டா" என்று சொன்னதும் நீ. அவள் பூலம்மாளிடம் கேட்டாள்: "நீங்க சொல்லுங்கம்மா. உங்க மகதானே வரைஞ்சது?"

பூலம்மாள் மகளைப் பார்க்கவில்லை. பட்டியை நினைத்தாள். முந்தானையை இழுத்துத் தோளை மூடிக்கொண்டாள்.

"அவளுக்கு என்ன தெரியும்? கெடையாதுன்னா கெடையாதுதான்."

உமையரசி கையைத் தட்டிப் பொடியை உதறினாள். நகக்கண்ணில் ஏறிய நீலம் மட்டும் வெகு நாள் போகவில்லை. அந்த விரலால்தான் தாய்க்குச் சோறு பரிமாறினாள்.

வண்டு மாதிரி இரைந்துகொண்டு மேலே பறந்த கேமரா எல்லாவற்றையும் படம் பிடித்துப் போயிற்று. பிறகு வரைபடம் வந்தது, பெரிய பிளெக்ஸில், பஞ்சாயத்து ஆபீஸ் சுவரில் மாட்டினார்கள். சிவப்பு, சாம்பல், பச்சை, நீலம் எல்லாம் அழகு. வரத்துக்கால் இருக்க வேண்டிய இடத்தில் மாத்திரம் ஒரு கால் தடம், குதிகால் முதல் ஐந்து விரலும் அச்சடித்தாற்போல. பார்த்தவர்கள் பார்த்தார்கள், யாரும் வாயைத் திறக்கவில்லை. ஆனால் மறுநாளிலிருந்து முள்ளிவிளையில் வெறுங்காலோடு நடக்க ஆளில்லை. வயலில் செருப்பு, வாசல் தெளிக்கச் செருப்பு, சாமி கும்பிடச் சாக்ஸ். தடம் உன்னுடையது என்று எல்லாருக்கும் தெரியும். ஆனால் தங்கள் காலை வைத்தாலும் அதில் பொருந்திவிடுமோ என்ற பயம் எல்லாருக்கும் இருந்தது.

ஐப்பசி பிறந்தது, மலையில் மழை கொட்டியது, தண்ணீர் வந்தது. வந்து நின்றது. தேங்கி நிற்கவில்லை, நின்றது. பூலம்மாளின் பட்டி வேலிக்கு வெளியே, கரையில்லாமல், தடுப்பில்லாமல், ஆளுயரத்துக்கு மேலே, வாசலில் வந்து குரல் கொடுக்காமல் நிற்கிற மனிதரைப் போல நின்றது. உள்ளே கெண்டை மீன் விளிம்பு வரைக்கும் வந்து, மூக்கு இடித்தாற்போலத் திரும்பிப் போயிற்று. ஊர்க்காரர்கள் குடையை மடக்கிவிட்டுப் பார்த்து, "வந்திருக்கு" என்றார்கள். அவ்வளவுதான். வழியை இல்லையென்று சொன்னால் வருகிறவர் வேறு என்ன செய்வார்?

தவசிக்கனி சட்டையோடு முழங்கை வரைக்கும் கையை விட்டு எடுத்தான். கை காய்ந்திருந்தது, சட்டை காய்ந்திருந்தது. குடத்தை வைத்து மொண்டார்கள். குடம் சிணுங்கக்கூட இல்லை, வெறுங்குடமாகவே வந்தது. ஆடு குடித்தது, காக்காய் குளித்தது, வெளியூர் பஸ் கண்டக்டர் இறங்கி வந்து முகம் கழுவி, "பதினியாட்டம் இருக்குவே!" என்று வயிறு முட்டக் குடித்துவிட்டுப் போனார். முள்ளிவிளைக்காரன் தொட்டால் மட்டும் ஈரமில்லை.

"கோவிச்சுக்கிட்டு நிக்க சம்பந்தி மாதிரில்லா இருக்கு" என்றான் ஐகோர்ட்டு. "நம்ம ஊர்ல கை நனைக்க மாட்டேங்கு."

அந்த வார்த்தை ஒட்டிக்கொண்டது. மனஸ்தாபம் உள்ள வீட்டில் இலையில் உட்காராமல், ஒரு வாய் சோற்றுக்குக் கை நனைக்காமல் எழுந்து வருவதுதான் அந்தப் பக்கத்து ரோஷம். இதுவரை மனிதர்கள்தான் அதைச் செய்தார்கள். இப்போது தண்ணீரே செய்தது.

ஊர் அதற்கும் பழகிக்கொண்டது. டீக்கடை அங்கே இடம் மாறியது. சுற்றுவட்டாரத்திலிருந்து வேனில் வந்து குளித்தார்கள். முள்ளிவிளைக்காரர்கள் லாரித் தண்ணீருக்குக் குடத்தை வரிசை வைத்துவிட்டு, காய்ந்த துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, அவர்கள் குளிப்பதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். துணி துவைக்கப் பக்கத்து ஊரில் வாழ்க்கைப்பட்ட நாத்தனார்களை விருந்துக்குக் கூப்பிட்டார்கள். பள்ளிக்கூடத்தில் வெளியூர்ப் பிள்ளைகள், "கையைக் காட்டுல, நனையுதான்னு பாப்போம்" என்று சொட்டு விட்டுப் பார்த்தார்கள். பெரிய அதிகாரி ஜீப்பில் வந்தார், விரலை விட்டார், விரல் நனைந்தது. 'நீர் உள்ளது' என்று எழுதிக்கொண்டு போய்விட்டார்.

கோயில் கமிட்டி நாதஸ்வரத்தோடு அழைக்கப் போயிற்று. 'கங்கைத் தாயே வருக வருக' என்று பேனர் வைத்தார்கள். பேனரில் தண்ணீர் ஓரமாகவும் கமிட்டிக்காரர்கள் நடுவிலும் இருந்தார்கள். நீயும் போனாய். வேட்டி, மோதிரம், ஷூ. மாலையைத் தூக்கிப் போட்டாய். மாலை நனையாமல் உன் காலடியிலேயே வந்து விழுந்தது. நீ குனியவில்லை. எடுத்தது வேறொருத்தர்.

இதற்கிடையில் வெயில் அந்தத் தண்ணீரை மேலேயிருந்து குடித்துக்கொண்டிருந்தது. ஆளுயரம் தோளுயரமாயிற்று. ஊர் அதை ஓரக்கண்ணால் பார்த்தது.

அந்த நேரத்தில்தான் உமையரசியைக் கேட்டு வந்தார்கள். மாப்பிள்ளை நல்ல பையன், மோட்டார் மெக்கானிக். அவன் அம்மா பரிபூரணம் நறுக்கென்று பேசுகிறவள். பூலம்மாள் கிடா வெட்டி, வாழையிலை விரித்து, லாரித் தண்ணீரைப் பானையில் ஊற்றி வைத்திருந்தாள். பேச்செல்லாம் முடிந்து இலைக்குக் கூப்பிட்டபோது பரிபூரணம் எழுந்து நின்றாள்.

"தப்பா நினைக்காதீய மைனி. பொண்ணு தங்கம். ஆனா உங்க ஊர் வாசல்ல வந்து நிக்க தண்ணியே கை நனைக்க மாட்டேங்கு. அதுக்கு உள்ள ரோஷம் எனக்கு இருக்காதா?"

"அது மழைத்தண்ணி மைனி. அதுக்கு என்ன தெரியும்?" என்றாள் பூலம்மாள்.

மைதானத்தில் மகளைச் சொன்ன அதே வார்த்தை. வாயை விட்டு வெளியே வந்த பிறகுதான் அவளுக்கே காதில் விழுந்தது. அடுக்களை வாசலில் உமையரசி செம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தாயை ஒரு தடவை பார்த்தாள்.

"அது நனைக்கட்டும், நாங்களும் நனைக்கோம்" என்று சொல்லிவிட்டுப் பரிபூரணம் படியிறங்கினாள். விரித்த இலை விரித்தபடி கிடந்தது. பூலம்மாள் கிடாக்கறியை நாய்க்கு வைத்தாள். நாய் தின்றது, அதற்கு ரோஷமில்லை.

மறுநாள் காலையில் பூலம்மாள் தண்ணீரிடம் பேரம் பேசப் போனாள். டீக்கடை முழுக்க ஆள் பார்த்துக்கொண்டிருந்தது.

"என்னக்கா, கிடா பிடிக்கப் போறியளா?" என்று தவசிக்கனி நக்கல் பண்ணினான்.

"ஒன்ன மாதிரி மொட்டக் கிடாய்க்கு வெலை இல்லல. வாயப் பொத்திக்கிட்டு டீயக் குடி" என்று சொல்லிவிட்டு, முந்தானையை வலது கைமேல் இழுத்துப் போட்டு, மூடிய கையைத் தண்ணீருக்குள் நீட்டினாள்.

சுண்டுவிரலைக் கொடுத்தாள்: பட்டியில் ஓர் ஓரமாகப் போய்க்கொள்ளட்டும். பதில் இல்லை. இன்னொரு விரலையும் சேர்த்தாள்: பாதிப் பட்டி. பதில் இல்லை. இன்னொரு விரல்: மரத்தையும் கொட்டகையையும் விட்டுவிட்டு மற்றதெல்லாம். அப்போது முந்தானைக்குள் ஏதோ ஒன்று அவள் கையைப் பிடித்தது. குளிர்ந்த பிடி, சந்தையின் பழைய தரகர்கள் பிடிக்கிற பிடி, கோபமும் இல்லை, அவசரமும் இல்லை, விடப்போவதும் இல்லை. ஐந்து விரலையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டது. "முழுசுமா?" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள். "சரி, முழுசும் எடுத்துக்கிடுங்க." பிடி தளரவே இல்லை. கையை இழுத்துப் பார்த்தாள், வரவில்லை. தண்ணீருக்குள்ளேயே காய்ந்துதான் கிடந்தது.

அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. தண்ணீர் இடத்துக்கு விலை பேச வரவில்லை. இடம் எப்போதும் அதனுடையதுதான். அது பிடித்துக்கொண்டிருந்தது முந்தானையை. மூன்றாம் ஆளுக்குத் தெரியாமல் முடிக்கப் பார்க்கிற அந்தத் துணியை. மைதானத்தில் அத்தனை பேர் முன்னால், மகள் போட்ட கோட்டை இல்லையென்று சொல்லும்போது அவள் இழுத்துத் தோளை மூடிக்கொண்டதும் இதே துணிதான்.

டீக்கடை பார்த்துக்கொண்டிருந்தது. பூலம்மாளின் முகம் சுட்டது. சந்தையில் எவனுக்கும் குனியாத கழுத்து அது. குனிய மறந்தே போயிருந்தது. முந்தானையைக் கைமேலிருந்து எடுத்து இடுப்பில் சொருகினாள். பிடி விட்டது. செருப்பை உதறினாள். வெறுங்கையை வெட்ட வெளிச்சத்தில் தண்ணீருக்குள் நீட்டிக்கொண்டு, சந்தைக் குரலில், ஊர்க்கோடி வரைக்கும் கேட்கச் சொன்னாள்:

"எம் மக போட்ட கோடு சரிதான். இல்லைன்னு சொன்னது நான். ஆட்டுக்காவ எம் பிள்ளையப் பொய்க்காரி ஆக்கினேன். இது உங்க வழி. வாங்க."

கை நனைந்தது. விரல் நனைந்து, மணிக்கட்டு நனைந்து, முழங்கையிலிருந்து சொட்டி, அவள் பாதத்துக்குப் பக்கத்தில் செம்மண்ணில் கறுப்பாக விழுந்தது. அவள் அந்தக் கையைத் துடைக்கவில்லை. விளக்கைக் கொண்டுபோகிற மாதிரி நீட்டிப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். உமையரசி வாசலில் நின்றாள்.

"ஏட்டி, பாரு" என்றாள் பூலம்மாள்.

உமையரசி தாயின் கையைத் தொட்டாள். தொட்ட விரலைத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "சாப்பிட்டியாம்மா?" என்று கேட்டாள். அதற்குப் பிறகுதான் பூலம்மாள் அழுதாள். அன்றைக்கே இருவரும் வேலியைப் பிடுங்கினார்கள், வேரிலிருந்து ஆடுகளை அவிழ்த்தார்கள். பட்டி இருந்த இடத்தின் வழியாகத் தண்ணீர், தாழ்வாரத்தில் ஏறுகிற விருந்தாளி போல, அலட்டாமல் நடந்துவந்து ஐகோர்ட்டு கடைவாசலில் நின்றது.

அப்புறம் ஒவ்வொருவராக. எல்லாரும் ஒழுங்காகச் செய்யவில்லை. ஐகோர்ட்டு, "வாங்க, ஆனா பிரிட்ஜ் பக்கம் வராதீங்க" என்றான். தண்ணீர் நின்ற இடத்திலேயே நின்றது. 'ஆனா'வை எடுக்க அவனுக்கு ஒரு வாரம் ஆயிற்று. தவசிக்கனி, "எனக்குப் பட்டா இருக்குல்லா!" என்று கத்தினான். பட்டாவைப் பார்க்காமல் தண்ணீர் அவனுடைய குளியலறை ஜன்னலுக்கு வெளியே நின்றது. அவன் உள்ளே போகும்போதெல்லாம் கெண்டைமீன்கள் வரிசையாக வந்து கண்கொட்டாமல் பார்த்தன. வெட்கம் தாங்காமல் அவனே கடப்பாரையை எடுத்தான். கோயில் கமிட்டி கூடி, பேசி, சண்டை போட்டு, கடைசியில் வளைவை இடித்து, "தாயே, எங்க போட்டோவை மன்னிச்சிரு" என்றார்கள். ஒவ்வொருவரும் சொன்னபோது அவரவர் கை நனைந்தது. நனைந்தவர்கள் செருப்பைக் கழற்றினார்கள். உவர் வயலில் முதல் தடவையாக வெறுங்கால் தடங்கள் தெரிந்தன, பெரிதும் சிறிதுமாக, யாருக்கும் மறைக்கத் தோன்றாமல்.

இப்போது தண்ணீர் உன் மண்டபத்துப் படிக்கட்டில் நிற்கிறது. பின்னாலே குளம், வெடித்துக் கிடக்கிறது. நடுவில் நீ எழுப்பிய சுவர் ஒன்றுதான் பாக்கி. கார்த்திகை முடிந்துவிட்டது, மலையில் இனி மழை இல்லை, தோளுயரம் முட்டுயரமாகிவிட்டது, மீனுக்கு முதுகு தெரிகிறது. உனக்குச் சொல்ல யாருக்கும் நா எழவில்லை. காதுகுத்தோ கல்யாணமோ, இல்லாதவன் வந்து நின்றால் மண்டபத்துச் சாவியைச் சும்மா எடுத்துக் கொடுத்தவன் நீ. உன் சோற்றில் கை நனைக்காதவர் ஊரில் இல்லை. அதனால்தான் இத்தனை பேருக்கும் உன் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருக்கிறது. உனக்கு இல்லாத வெட்கத்தையும் சேர்த்து அவர்கள்தான் சுமக்கிறார்கள்.

நேற்றுப் பரிபூரணம் வந்தாள். பட்டி இருந்த இடத்தைப் பார்த்தாள், பூலம்மாளின் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "மைனி, உங்க மேல இப்பம் எனக்கு மனத்தாங்கல் இல்ல. ஆனா தண்ணி இன்னும் குளத்துல உக்காரலையே. நின்ன காலோட நிக்க விருந்தாளிய வச்சுக்கிட்டு நான் எப்படி இலையில உக்காருவேன்?" என்றாள். "தை வரைக்கும் பாப்போம்."

"மண்டபத்துல வச்சுக்கிடலாம்னு..." என்று இழுத்தாள் பூலம்மாள்.

அப்போது உமையரசி பேசினாள், அதுவும் வருங்கால மாமியார் முன்னால். "மண்டபம் இருக்கும்போது அங்க கல்யாணம் வேண்டாம். மண்டபம் இல்லாம ஆகட்டும். அதே இடத்துல முட்டளவு தண்ணியில நின்னு தாலி கெட்டிக்கிடுதேன்." பரிபூரணம் அவளை மேலும் கீழும் பார்த்தாள். "சேலை பட்டா எடுக்க வேண்டாம், பருத்தி எடுப்போம், சீக்கிரம் காயும்" என்றாள்.

இன்று காலையில் அந்தப் பிள்ளை பள்ளிக்கூட மைதானத்தில் உட்கார்ந்து அந்தக் கோட்டைத் திரும்பவும் போட்டிருக்கிறாள், மலையிலிருந்து தொடங்கி, பட்டி வழியாக, கடை வழியாக, வளைவு வழியாக. உன் மண்டபத்துக்கு முன்னால் ஒரு காலடி அகலத்துக்கு இடம் விட்டு நிறுத்தியிருக்கிறாள். மிச்சப் பொடியைக் கிண்ணத்தில் பக்கத்திலேயே வைத்திருக்கிறாள். அது உனக்கு.

ஷூவைக் கழற்று. சாக்ஸையும் கழற்று. அந்தக் காலை ஊர் பார்க்கட்டும், ஏற்கனவே பிளெக்ஸில் பார்த்த கால்தானே. மைதானத்துக்கு வா, எந்தக் காலால் தேய்த்தாயோ அந்தக் காலை மடக்கி உட்கார், விட்ட இடத்தை உன் கையால் போடு. பிறகு எழுந்து உன் படிக்கட்டுக்குப் போ. அங்கே ஒரு பெரியவர் முட்டியளவுக்குத் தேய்ந்து, இன்னும் கோபித்துக்கொண்டு திரும்பிப் போகாமல் நிற்கிறார். கதவைத் திற. கடப்பாரையை எடுத்துக்கொண்டு ஊர் பின்னாலேயே வரும், அதைப் பற்றிக் கவலைப்படாதே. நீ செய்ய வேண்டியது ஒன்றுதான். வாயைத் திற. அவர் தரையில் வற்றிப்போவதற்கு முன்னால், அந்த ஒரே ஒரு வார்த்தையை, 'ஆனா' போடாமல், சொல்.